கரி சொன்ன கணக்கு

1922-ல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறையில், தங்கத்துக்கு நடுவே ஒரு இரும்புக் கத்தியும் இருந்தது. விண்கல் இரும்பு என்று 2016-ல் ஓர் ஆய்வு சொன்னது. ராஜா வீட்டிலேயே இரும்புக்கு அவ்வளவு தட்டுப்பாடு!

இங்கே, ஆரணியைத் தாண்டி வந்தவாசிப் பக்கம் கீழ்நமண்டி. அங்கே புதைகுழிகளில் சுடுமண் ஈமப்பேழைகள். இரும்போடு கிடைத்த கரிக்கு வயசு கி.மு. 1692. அந்தப் பையன் ராஜாவுக்கு முந்நூறு வருஷத்துக்கும் மேல் மூத்தது.

கா. ராஜனும் இரா. சிவானந்தமும் எழுதி, 2025 ஜனவரியில் வெளியான தொல்லியல் துறையின் 'இரும்பின் தொன்மை' தரும் தேதி இது. சிவகளை மாதிரிகளை லக்னோ, அகமதாபாத், ஃப்ளோரிடா என்று தனித்தனி ஆய்வகங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நல்ல ஆடிட்டர் செய்கிற வேலை. சபாஷ்.

குறை? புத்தகம் முழுக்கத் தேதிகளின் ராஜ்ஜியம். கரி சொல்வது மரத்தின் வயசை. இரும்பின் வயசை அல்ல. வைரம் பாய்ந்த பழைய மரத்தை எரித்திருந்தால் தேதி பின்னுக்குப் போய்விடும். அதே காலத்து உருக்கு உலையும் கசடும் கிடைத்தால்தான் சந்தேகம் தீரும். ஆரணியில் ஒரு இழையைப் பார்த்து யாரும் புடவைக்கு விலை பேசுவதில்லை. பாவு, ஊடை இரண்டையும் பார்ப்பார்கள்.

பெருமைப்படுங்கள், தப்பில்லை. ஆனால் அடுத்த சாட்சி ஏதோ ஒரு வயல் ஓரத்துக் கல்வட்டத்தில் கிடக்கலாம். அதை உடைத்து ஜல்லியாக்கிவிட்டால், நம் பெருமைக்கு வவுச்சரே இருக்காது.