முழங்கால் தண்ணீரில் எஞ்சின்

அதிராம்பட்டினத்தில் தொடங்கி மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் வழியாகத் தென்மேற்கே இறங்கும் தஞ்சை மாவட்டக் கடற்கரையின் நீளம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். நாகப்பட்டினத்துக் கரையில் வந்து மோதுகிற அலை இங்கே கிடையாது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி பத்து மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். கரையோரத்திலோ வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தொடாத இடங்கள் உண்டு. கடல் ஏறுவதும் வற்றுவதும் ஒரு மீட்டருக்குக் குறைவுதான். ஆனால் தரை அவ்வளவு சமமாக இருப்பதால் ஒரு சாண் நீர் இறங்கினாலே கரை உள்ளே தள்ளிப்போய்விடுகிறது. அதிராம்பட்டினம், ஏரிப்புறக்கரை பக்கம் படகுகள் நேரே கடலில் இறங்குவதில்லை; சேறு படிந்த வாய்க்கால்கள் வழியாக ஊர்ந்துபோய்த்தான் கடலைப் பிடிக்கின்றன.

இப்படிப்பட்ட தண்ணீரில்தான் ஃபைபர் படகின் பின்பலகையில் மாட்டிய எஞ்சின் அன்றாடம் ஓடுகிறது. எஞ்சின் வந்ததால் வேகம் வந்தது, உடலுழைப்பு குறைந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் ஆழமற்ற நீரில் இந்த இயந்திரத்தின் பெருமை வேகத்தில் இல்லை, தூக்கிக்கொள்ள முடிகிறது என்பதில் இருக்கிறது. அதன் குறைகளில் பாதியும் அந்தத் தூக்குதலைச் சுற்றியே வருகின்றன. மீதிப் பாதி, கரையில் நாம் அதற்கு என்ன செய்து கொடுத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

படகின் பின்பலகையில் மாட்டும் எஞ்சினை 1909 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்து பரவச் செய்தவர் அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்த ஓலே எவின்ரூட். தெளிந்த, ஆழமான ஏரிகளை நினைத்துச் செய்த இயந்திரம் அது. தென்னிந்தியக் கரைகளில் மீனவர் கைக்கு அது பரவலாக வந்தது 1980களில். அதற்கு முன் இந்தக் கரையின் சிறு படகுகளுக்குப் பாயும் கழியும்தான். பாக் நீரிணையின் பாய்ப்படகுகளைப் பற்றிச் சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் எழுதியிருக்கிறார். படகுக்குக் குறுக்கே நீண்ட பலகையைக் கட்டி, காற்று சாய்க்கிற பக்கத்துக்கு எதிரே ஆட்கள் அதில் ஏறி உட்கார்ந்து எடை கொடுப்பார்கள். ஆழமான அடிக்கட்டை இல்லாமலே அந்தப் படகு பாய் தாங்கியது. தண்ணீர் குறைவு என்கிற கணக்கிலிருந்து பிறந்த வடிவம் அது என்று நான் கருதுகிறேன்.

1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டமும் கரையேறும் படகுகளை வடிவமைத்தபோது எஞ்சினை எப்படித் தூக்கிக்கொள்வது என்கிற கேள்வியோடுதான் மல்லுக்கட்டியது. டீசல் எஞ்சினும் தண்டும் சேர்ந்து மேலே சாயும் அமைப்பை அவர்கள் செய்து பார்த்தார்கள். கரைக்கு அருகில் எஞ்சினின் காற்றாடியை (புரொப்பெல்லரை) எப்படிக் காப்பாற்றுவது என்பது நம் கடற்கரைகளில் பழைய சிக்கல். அலையடிக்கும் கரையில் அது சில நிமிடத்துப் பாடு. பாக் விரிகுடாவில் அரை மணி நேரத்துப் பாடு.

முதலில் நன்மையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பெரியது. தஞ்சைக் கடலில் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. இழுவலையும் சிறு வலையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் மோதாமலிருக்க வந்த ஏற்பாடு இது. தன் முறைநாளில் காற்று விழுந்துவிட்டால் பாய்ப்படகுக்காரருக்கு அந்த நாள் போனதுதான். எஞ்சின் அந்த நாளை மீட்டுக் கொடுத்தது. நண்டு வலைக்குப் போகிறவருக்கு இது இன்னும் முக்கியம். நண்டு உயிரோடும் காலுடையாமலும் வந்தால் ஒரு விலை, வதங்கி வந்தால் வேறு விலை. இருட்டில் கிளம்பி, வலையைத் தூக்கி, வெயில் ஏறுவதற்குள் கொள்முதல் செய்பவரிடம் சேர்த்துவிட முடிகிறது. வானம் கறுத்தால் திரும்பி ஓடி வரவும் முடிகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறிய பகுதியில் வாழ்கிறவர்களிடம் இந்த ஒன்றை விளக்கத் தேவையில்லை.

இனி, தூக்குவதைப் பார்ப்போம். காற்றாடிக்குச் சற்று மேலே கிடையாக ஒரு தகடு இருக்கும். அது படகின் அடிமட்டத்தோடு ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அப்படி நின்றால் காற்றாடி படகின் அடிக்குக் கீழே ஒரு முழம் வரை இறங்கியிருக்கும். படகு மிதக்க அரை முழம் போதும்; எஞ்சினுக்கோ அதற்கு மேலும் வேண்டும். இந்த வித்தியாசத்தைத்தான் ஓட்டுகிறவர் கையால் சரிக்கட்டுகிறார். வாய்க்கால் வாயில் வேகத்தைக் குறைத்து, எஞ்சினை ஒரு படி சாய்த்து, பாதி மூழ்கிய காற்றாடியோடு நகர்த்துகிறார். அனுபவம் உள்ள கை இதைக் கலங்கலின் நிறம் பார்த்தே செய்துவிடும்.

ஆனால் சாய்க்கும் ஒவ்வொரு படிக்கும் விலை உண்டு. எஞ்சின் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது அது மூழ்கியிருக்கும் அதே தண்ணீரால்தான். காற்றாடிக்கு மேலே உள்ள சல்லடைத் துளைகள் நீரை உறிஞ்ச, ரப்பர் இதழ்கள் கொண்ட இம்பெல்லர் அதை மேலே தள்ளும். அதிகம் சாய்த்தால் துளைகள் காற்றை உறிஞ்சும். ரப்பர் காய்ந்து உரசிக் கருகச் சில நொடிகள் போதும். சாய்க்காமல் விட்டால் சேற்றை உறிஞ்சும். சேறு இதழ்களை அறுக்கும், உள்ளே நீரோடும் குழாய்களில் படிந்து உப்போடு சேர்ந்து கெட்டியாகும். கருகுவதற்கும் அறுபடுவதற்கும் நடுவே உள்ள நான்கு விரல் இடத்தில்தான் இந்தக் கரையின் எஞ்சின்கள் வாழ்கின்றன. பின்பக்கத் துளையில் பீச்சும் தண்ணீர் மெலிந்துவிட்டதா, சுடுகிறதா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் ஒன்றுதான் பல எஞ்சின்களுக்கு ஆயுளைக் கூட்டியிருக்கிறது.

பராமரிப்பு என்றதும் எல்லாக் கையேடுகளும் ஒரே அறிவுரையைத் தருகின்றன: கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவு. டிரம்மில் நீர் நிரப்பி, எஞ்சினின் கீழ்ப்பகுதியை அதில் இறக்கி, சில நிமிடம் ஓட்டினால் உப்பும் சேறும் வெளியேறும். மறுக்க முடியாத அறிவுரைதான். ஆனால் கடைமடையில் நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது? மேட்டூர் திறந்தாலும் கல்லணைக் கால்வாயின் கடைசி ஏரிகளுக்கு நீர் எட்டுவது ஆண்டுக்கு ஆண்டு போராட்டம். கரையோரக் கிணறுகள் உப்பு. குடத்துக்காகக் குழாயடியில் நிற்கிற பெண்களின் உழைப்பிலிருந்துதான் அந்த டிரம் நிரம்ப வேண்டும். எஞ்சினைக் கழுவாதவரைச் சோம்பேறி என்று எழுதிவிடுவது எளிது. அப்படிச் சொல்கிறவர்கள் அந்த ஊரில் ஒரு கோடைகாலம் தண்ணீர் சுமந்து பார்க்க வேண்டும். இறங்குதளம் ஒவ்வொன்றிலும் எஞ்சின் கழுவ ஒரு தொட்டி என்பது சின்னச் செலவு. மானியம் கொடுத்து வாங்கிய எஞ்சினின் ஆயுளை அது கூட்டும்.

மானியம் வாங்குவதற்கு இருக்கிறது. மாநில அரசு இவ்வகை எஞ்சின்களுக்கு 40 சதவீதம் மானியம் தருகிறது. மானிய விலையில் மண்ணெண்ணெயும் தருகிறது. வாங்கிய பின் வரும் பாட்டுக்குத்தான் ஆதரவு மெலிகிறது. கியர் எண்ணெய் பால்போல வெளுத்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் காற்றாடியின் பின்னே சுற்றிய நரம்பு வலை நூல் ஆயில் சீலை அறுத்திருக்கும். உடனே சீலை மாற்றினால் சில நூறு ரூபாயோடு போகும். உதிரிபாகம் கிடைக்கவில்லை என்று இரண்டு வாரம் ஓட்டினால் கியர்பெட்டியே போய்விடும். எஞ்சின் உலோகம் அரிபடாமல் தன்னை அரிக்கக் கொடுக்கிற துத்தநாகக் கட்டியும் அப்படித்தான். தீர்ந்த பிறகும் கவனிக்காமல் விட்டால் அடுத்து அலுமினிய உடலே கரையும்.

மண்ணெண்ணெய் எஞ்சினை நான் முழுமனதோடு ஆதரிக்க மாட்டேன். விலை குறைவு, பிரித்துப் போட்டு ஊரிலேயே சரிசெய்யலாம், எடை ஏறத்தாழ 40 கிலோதான், ஒருவர் தோளில் தூக்கிப் போகலாம் என்பதெல்லாம் சரி. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலில் ஓட்டி கார்பரேட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும். இந்தக் கடைசி வேலையைத் தவறவிட்டால் மறுநாள் விடியலில் கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துபோகும். இதெல்லாம் பழகிவிடக்கூடியது. பழக முடியாதது, இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் எரியாமலே வெளியேறும் எரிபொருளும் எண்ணெயும். ஆழ்கடலில் அது கரைந்து போகலாம். முத்துப்பேட்டைக் காயல் போன்ற ஓர் அடைபட்ட நீரில் அது அலையாத்தி மரங்களின் சுவாச வேர்களிலும் இறால் குஞ்சுகள் வளரும் ஓரங்களிலும் தங்கிவிடும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் எடையும் விலையும் கூடியது என்றாலும், காயலுக்குள்ளும் சுற்றுலாப் படகுகளிலும் அதைத் தவிர வேறெதற்கும் இடம் தரக்கூடாது என்பது என் கருத்து.

பெரிய எஞ்சின் மோகம் இன்னொரு தவறு. ஆழமற்ற நீரில் நடுத்தர வேகத்தில் போகும் படகின் பின்பகுதி கீழே அமுங்கும். அடியில் நீர் குறைவாக இருக்கும்போது அந்த அமுங்கல் கூடும். குதிரைத்திறன் கூடினால் பின்பலகையில் எடையும் கூடும், இரண்டும் சேர்ந்து காற்றாடியைத் தரைக்கு இன்னும் அருகே கொண்டுபோகும். வேகத்துக்காக வாங்கிய எஞ்சினை வாய்க்காலில் மெதுவாக, சாய்த்து, பயந்து ஓட்ட வேண்டி வருகிறது.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது காற்றால் குளிரும், நீளத் தண்டின் நுனியில் காற்றாடி வைத்த எஞ்சின். தாய்லாந்தின் கால்வாய்களில் பழகிய வகை. நம் கரைகளிலும் சிறு டீசல் எஞ்சினோடு ஓடுகிறது. இம்பெல்லர் கிடையாது, சேறு உறிஞ்சாது, தண்டைக் கையால் அழுத்தித் தூக்கினால் ஒரு சாண் நீரிலும் தள்ளும். சேற்று வாய்க்காலுக்கு இதைவிடப் பொருத்தமான இயந்திரம் இல்லை. ஆனால் காது செவிடாகும் சத்தம், திருப்பும்போது தோளில் விழும் பாரம், மறைப்பின்றிச் சுழலும் காற்றாடி எல்லாம் சேர்ந்தே வருகின்றன. வலை இழுப்பவர்கள் நெருங்கி நிற்கும் சிறு படகில் அந்தக் கடைசி ஆபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

படகுக்காரரின் செலவுக் கணக்கில் வராத ஒரு சேதம் தண்ணீருக்கு அடியில் நடக்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர், கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் அந்த விலங்கு கடற்புல் மேய்ந்து வாழ்வது. ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே பல ஆண்டுகள் எடுத்துக்கொள்வது. கடற்புல் வளர்வது வெளிச்சம் எட்டும் ஆழமற்ற நீரில், அதாவது எஞ்சின் தரையைத் தொடுகிற அதே நீரில். காற்றாடி உழுத கோடு நிலத்தடித் தண்டோடு புல்லை அறுத்துவிட்டால் அந்த வடு மறையப் பல ஆண்டுகள் ஆகும் என்பது அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையில் நன்கு அறியப்பட்டது. அங்கே பாதுகாக்கப்பட்ட நீரில் கடற்புல்லைக் கீறினால் அபராதம் உண்டு. நம் கடலில் இழுவலை செய்கிற சேதத்தோடு ஒப்பிட்டால் சிறு எஞ்சினின் கீறல் சிறியது. குற்றத்தைச் சிறு மீனவர் மேல் ஏற்றுவது நியாயமாகாது. ஆனாலும் ஒரே வாய்க்காலிலிருந்து வெளிவரும் எல்லாப் படகும் புல்வெளி மேல் தன்னிஷ்டத்துக்கு விரிந்து போகும்போது கீறல்கள் கூடுகின்றன. மூங்கில் நட்டு ஒரே ஒரு போக்குவரத்துத் தடத்தைக் குறித்து, அதற்கு வெளியே கழி ஊன்றிப் போவது என்று ஊர் முடிவெடுத்தால் புல்லும் பிழைக்கும், இம்பெல்லரும் பிழைக்கும்.

கழியைப் பற்றி ஒரு வார்த்தை. எஞ்சின் வந்த பின் கழி பிடிக்கத் தெரியாத இளைஞர்கள் படகேறுகிறார்கள். எஞ்சின் நின்றால் அவர்களுக்குக் கைப்பேசிதான் துணை. கடைசி இருநூறு அடியை எஞ்சினை முழுக்கத் தூக்கிவிட்டுக் கழியால் கடப்பது பின்தங்கிய வழக்கம் என்று நினைப்பவர்களுக்கு அதன் கணக்கு புரியவில்லை. இந்தக் கரையில் எஞ்சினின் ஆயுள் குறைவது அந்த இருநூறு அடியில்தான்.

எஞ்சினை மாற்றினாலும், கழியைப் பிடித்தாலும், வாய்க்கால் தூர்ந்தால் ஒன்றும் ஓடாது. கோரையாறு, பாமணியாறு போன்ற ஆறுகள் டெல்டாவின் வடிகால் நீரையும் வண்டலையும் கொண்டுவந்து முத்துப்பேட்டைக் காயலில் கொட்டுகின்றன. கஜா தள்ளிய சேறும் கரை வாய்க்கால்களில் சேர்ந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முகத்துவாரம் அடைபட்டால் கார்த்திகை மழையில் சம்பா வயல் மூழ்குகிறது என்று மன்னார்குடிப் பக்கத்து விவசாயி மனுக் கொடுக்கிறார். வாய்க்கால் தூர்ந்ததால் படகு தட்டுகிறது என்று கடலோரத்து மீனவர் வேறொரு அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறார். ஒருவர் மனு நீர்வளத் துறைக்கு, இன்னொருவர் மனு மீன்வளத் துறைக்கு. அலையாத்திக் காடு வனத்துறையிடம். தூர்வாரும் நிதி ஆண்டுதோறும் மேட்டூர் திறப்பை ஒட்டி, மேலிருந்து கீழாக, வயலுக்கு நீர் வரும் வழியைப் பார்த்துச் செலவாகிறது. நீர் வெளியேறும் கடைசிச் சில கிலோமீட்டரை எட்டுவதற்குள் தீர்ந்துவிடுகிறது. அந்தக் கடைசிப் பகுதியை வயலின் வடிகாலாகவும் படகின் வழியாகவும் சேர்த்து அளந்து, புல்வெளியைத் தொடாத ஒரே தடமாக ஆழப்படுத்தும் வேலையை மூன்று துறைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து தொடங்க வேண்டும். விவசாயியும் மீனவரும் இதைக் கேட்டு ஒரே மனுவில் சேர்ந்து கையெழுத்திட எந்தத் தடையும் இல்லை.