கிணற்றடியில் நின்ற தத்துவம்

தத்துவம் வானத்திலிருந்து இறங்குவதில்லை. மனிதர் உழுத நிலத்திலும், அள்ளிய நீரிலும், அள்ள மறுக்கப்பட்ட நீரிலுமே அது பிறக்கின்றது. நாம் ஆசிரியத் தொழில் புரியும் ஒட்டுசுட்டானின் பெயரே இவ்வுண்மைக்குச் சான்று எனலாம். அறுவடை முடிந்த புலத்தில் எஞ்சிய ஒட்டுக்களைச் சுட்டமையால் ஊர் இப்பெயர் பெற்றது என்பது வழிவழி வந்த கதை. அவ்வாறு சுட்ட மண்ணிலேதான் தான்தோன்றீஸ்வரர் வெளிப்பட்டார் என்கின்றது கோயில் மரபு. இறைவனைக் கண்டவன் வேதம் ஓதியவனல்லன். மண்ணைக் கொத்திய உழவன். மக்கள் தம் தெய்வத்தையுந் தமது உழைப்பின் நடுவிலேயே கண்டனர்.

இத்தகைய ஊரிலே, உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் மு. தளையசிங்கத்தின் ‘மெய்யுள்’ நூலைப் படிக்க நேர்ந்தது. மாணவன் ஒருவன் கேட்டான்: “சேர், இவர் எங்கட பக்கமா, மற்றப் பக்கமா?” அவ்வினாவுக்கு நேரிய விடையிறுக்கும் முயற்சியே இக்கட்டுரை.

1935இல் புங்குடுதீவிற் பிறந்து, பேராதனையிற் பயின்று, ஆசிரியராய் வாழ்ந்தவர் தளையசிங்கம். சிறுகதை, நாவல், விமர்சனம் ஆகிய மூன்றிலும் அவர் உழைத்தார். ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’ என்னும் நூலில் 1956க்குப் பிந்திய ஈழத்து எழுத்தை மதிப்பிட்டார். பின்னர் அவருடைய நாட்டம் தத்துவத்தின்பாற் சென்றது. மார்க்சியத்தைக் கற்றார், காந்தியத்தையும் சர்வோதயத்தையும் ஏற்றார், அரவிந்தரின் பரிணாமக் கொள்கையிலே தமது விடையின் பெரும்பகுதியைக் கண்டார். பொருள்முதல்வாதம், கருத்துமுதல்வாதம் இரண்டையும் தாண்டியதெனத் தாம் கருதிய கோட்பாட்டிற்கு மெய்முதல்வாதம் எனப் பெயரிட்டார். முதலாளித்துவமும் இன்றுள்ள பொதுவுடைமையும் மனத்தின் எல்லைக்குள் நிற்பவை; மனத்தைக் கடந்ததொரு நிலைக்கு மனிதகுலம் எழும்போதே உண்மையான சமத்துவம் மலரும் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

இவரைப் பற்றி இரு தீர்ப்புகள் வழங்கி வருகின்றன. போற்றுவோர் அவரை ஞானியாக்கிக் கேள்விக்கு அப்பால் வைத்தனர். முற்போக்கு அணியினராகிய நம்மவரிற் பலரோ, அவரைக் கருத்துமுதல்வாதி என்று ஒரு சொல்லாற் சுட்டி நூலை மூடிவிட்டனர். இரு சாராரும் ஒரு நிகழ்ச்சியை அதற்குரிய இடத்தில் வைத்து நோக்கத் தவறினர் என்பதே நமது துணிபு. அது 1971இல் புங்குடுதீவில் நிகழ்ந்த நன்னீர்ப் போராட்டம்.

உவர்நீர் மலிந்த தீவிலே நன்னீர்க் கிணறு என்பது உயிர்நிலை. கண்ணகியம்மன் கோயிற் கிணற்றில் நீரள்ளும் உரிமை தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அவ்வுரிமைக்காகத் தளையசிங்கமும் அவரைச் சார்ந்தோரும் சத்தியாக்கிரகம் இருந்தனர். அவர் கைதுசெய்யப்பட்டார்; பொலிசாரின் தாக்குதலுக்கும் ஆளானார். அதன்பின் நலிவுற்ற அவர், நாற்பது வயதை எட்டுமுன்னரே, 1973இல் மறைந்தார். பொதுக் கிணற்றில் நீரள்ளுவதைச் சாதியின் பெயரால் தடுப்பது குற்றமென இலங்கையிற் சட்டம் பிறந்தது 1957இல்! பதினான்கு ஆண்டுகள் சட்டம் ஏட்டில் இருந்தது; கிணற்றடியிலோ பழைய வழமையே ஆண்டது.

இது நமது தீவுக்கு மட்டும் உரிய கதையன்று. மகாராட்டிரத்து மகத் நகரசபை, தன் குளத்தைச் சகலருக்கும் திறப்பதாக 1924இலேயே தீர்மானித்தது. எனினும் 1927 மார்ச்சில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் நடந்து சென்று அந்நீரைக் கையில் ஏந்திய பின்னரே அத்தீர்மானத்துக்கு உயிர் வந்தது. யாழ்ப்பாணத்திலும் 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதன்வழி எழுந்த தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் அப்பாடத்தையே புகட்டின. உரிமையை எழுதிவைத்தாற் போதாது. மக்கள் திரண்டு அதனை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் தளையசிங்கத்தின் கோட்பாட்டை அவருடைய செயலே திருத்துகின்றது. வரலாற்றை உணர்வுநிலைகளின் படிக்கட்டாகக் காணும் அவருடைய நூல்கள், நிலமும் நீரும் எவர் கையில் உள்ளன என்ற வினாவுக்குரிய முதன்மையை அளிப்பதில்லை. சாதியை மனத்தின் நோயாக மட்டும் கண்டால் மருந்தும் மனத்திலேயே தேடப்படும். எதிரிலே மறித்து நின்றதோ உடைமையும் வழமையும் அவற்றுக்குத் துணைநின்ற அதிகாரமும். தம் உடலிற் பட்ட அடியால் அவர் உணர்ந்த இவ்வுண்மை அவருடைய தத்துவத்தினுள் முழுமையாக நுழையவில்லை. அவருடைய செயல் அவருடைய தத்துவத்தை முந்திச் சென்றது என்றே நாம் மதிப்பிடுகின்றோம்.

ஆயினும் குறை ஒரு பக்கத்தில் மட்டுமன்று. உலகை விளக்குவதோடு அமையாது அதனை மாற்ற வேண்டும் என்று மார்க்ஸ் 1845இல் எழுதியதை நாம் மேடைதோறும் முழங்குகின்றோம். அதே நாம், பிள்ளைகளின் திருமணப் பேச்சில் எத்தனை முறை சாதியின் முன் மௌனமாய்த் தலைகுனிந்துள்ளோம்? சமூகத்தை மாற்றப் புறப்படுவோன் தன்னையும் மாற்றியாக வேண்டும் என்று தளையசிங்கம் எழுப்பிய குரல் இம்மௌனத்தைத் தாக்குகின்றது. அதனை ஆத்மீகப் பிதற்றல் என்று ஒதுக்குவோர் தம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்கின்றனர். தத்துவத் தவறு எதனையும் எதிர்ப்பதாக அதனைக் கொள்ள முடியாது.

நமது மாணவர் இவற்றை விளங்காதவரல்லர். அவர்களுடைய பெற்றோர் 2009இல் யாவற்றையும் இழந்து, முகாம்களிலே நீருக்காக வரிசையில் நின்றவர்கள். மீண்டுவந்து முத்தையன்கட்டுக் குளத்து நீரை நம்பிப் பயிர் செய்பவர்கள். நீர் எவருக்கு முதலில், எவருக்குக் கடைசியில், எவருக்கு இல்லை என்ற வினா அவர்களுடைய வாழ்வின் வினா.

ஆகவே அம்மாணவனுக்கு நாம் கூறிய விடை இது: நூலில் அவரோடு வாதாடு, கிணற்றடியில் அவரோடு நில். எந்த ஞானத்தையும், எந்த அரசியற் சித்தாந்தத்தையும் உரைக்கும் கல் ஒன்றே. தாகத்தோடு வருபவனுக்கு அது வாளியைக் கொடுக்கின்றதா, வழியை மறிக்கின்றதா?