கூலிக்கு எழுதுதல்

எழுத்தைக் காசாக்குவது இழிவென்று கருதும் பெரியோர்கள் நம்மிடையே இன்னும் பலர் இருக்கின்றனர். கல்வி விற்பனைக்கன்று, கலைமகள் கடைவீதிக்கு வரமாட்டாள் என்றெல்லாம் அவர்கள் முழங்குவதைக் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நடைபெறும் நூல் வெளியீட்டு விழாக்களில் நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். அவ்விழாக்களில் மண்டபத்துக்கு வாடகை உண்டு. ஒலிபெருக்கிக்காரருக்குக் கூலி உண்டு. சமைத்தவருக்கும் மாலை கட்டியவருக்கும் பணம் உண்டு. எவருடைய நூலின் பொருட்டு அத்தனை பேரும் கூடினார்களோ, அவருக்கு மட்டும் ஒரு பொன்னாடையைப் போர்த்தி அனுப்பிவிடுவார்கள். அப்பொன்னாடையைக் கொடுத்து எந்த மளிகைக் கடையிலும் அரிசி வாங்க முடியாதென்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே, எழுத்துக்கு ஊதியம் வேண்டுமென்னும் கட்சியைச் சேர்ந்தவர்களே நாம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுகிறோம். வீட்டிலிருந்தபடியே இரவில் இரண்டு மணி நேரம் எழுதி, மாத வருமானத்தோடு நூறோ இருநூறோ வெள்ளி கூட்டிக்கொள்ள முயலும் நமது இளைஞர்களையும், விசேஷமாக நமது பெண்மக்களையும், நாம் பரிகசிக்கப் போவதில்லை. நாம் ஆராயப் புகுவது வேறொன்று. அந்தக் கூலி எதை அளந்து கொடுக்கப்படுகிறது? அந்த அளவுகோல் எழுத்தை என்ன செய்துவிடுகிறது?

நாம் தோட்டத்துக் கிராணி. இப்பொழுது நாம் கணக்கெழுதுமிடத்தில் செம்பனை ஒன்றே உண்டு. ஆனால் நமது தகப்பனார் ரப்பர்த் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்தவர். பால்வெட்டி வந்தவர்களின் வாளிகளை நிறுப்பதோடு அவர் வேலை முடிந்துவிடாது. மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் விட்டு, அதில் ரப்பர் எத்தனை பங்கென்று பார்த்த பிறகே கணக்கில் ஏற்ற வேண்டும். ரப்பர்ப் பாலில் பெரும்பகுதி இயற்கையிலேயே தண்ணீர்தான். அதன்மேல் ஆற்று நீரையும் கலந்துவிட்டால் வாளி கனக்கும், ரப்பர் கூடாது. (நிறுக்கிறவர் கைவரிசையால் தொழிலாளி நஷ்டமடைந்த கதைகளும் தோட்டங்களில் ஏராளம். கிராணி வீட்டுப் பிள்ளை என்பதற்காக அதை நாம் மறைக்கப் போவதில்லை.) எடை வேறு, சரக்கு வேறு என்பதைப் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன்பே நாம் அங்கே கற்றோம்.

அக்கல்வியை மறந்த ஒரு காலமும் நமக்கு உண்டு. நாம் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்களாதலால், சில ஆண்டுகளுக்கு முன், இணையத்தின் வழியே வெளிநாட்டுத் தரகர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் கட்டுரைகள் எழுதிக் கொடுத்தோம். ஆயிரம் சொல்லுக்குப் பத்து அமெரிக்க டாலர் என்பது பேச்சு. அந்நாளைய மாற்று விகிதத்தில் அது நாற்பது வெள்ளிக்குச் சற்று மேல். பனி பெய்யும் நாடொன்றை நாம் கண்ணாலும் கண்டதில்லை. எனினும் பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்துக்கொள்வது எப்படி என்று, மின்விசிறியின் கீழ் வேர்வை வழிய உட்கார்ந்து, நான்கு கட்டுரைகள் எழுதினோம். நானூறு சொல்லில் முடிந்துவிடும் சங்கதியை ஆயிரமாக நீட்டும் வித்தை ஒரே வாரத்தில் கைவந்துவிட்டது. சொன்னதையே மறுபடி சொல்வது, சொல்லப் போவதை முன்கூட்டிச் சொல்வது, கடைசியில் எல்லாவற்றையும் திரட்டி இன்னொரு முறை சொல்வது — இவ்வளவுதான் அவ்வித்தை. கடைசி இரண்டு மாதக் கூலி இன்றுவரை வந்து சேரவில்லை. அந்த நஷ்டம் பெரிதன்று. பின்னர் ஒருநாள், நமது பாட்டியார் பால்வெட்டிய காலத்தைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தபோது, அங்கேயும் அதே நீர் ஒழுகக் கண்டோம். இரண்டு பக்கம் எழுதியும் பாட்டியார் மரத்தடிக்கு வந்து சேரவில்லை! உண்மையில் நாம் இழந்தது எதுவென்று அன்றே விளங்கிற்று.

இது இணையம் கொண்டுவந்த புதிய நோய் என்று எண்ணுவோர் ஏமாந்து போவார்கள். ஆங்கிலேய நாவலாசிரியர் ஜார்ஜ் கிஸ்ஸிங் 1891ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நியூ கிரப் ஸ்ட்ரீட்’ என்னும் நாவலை, எழுதிப் பிழைக்க நினைக்கும் எவரும் ஒருமுறை படிக்க வேண்டும். அதில் வரும் ரியர்டன் என்னும் எழுத்தாளன் மூன்று பாக நாவல் எழுத முடியாமல் திண்டாடுகிறான். அக்காலத்தில் வாடகை நூல்நிலையக்காரர்கள் மூன்று பாக நாவல்களையே விரும்பி வாங்கினார்கள். ஒரே கதையை மூன்று சந்தாதாரருக்கு ஏககாலத்தில் வாடகைக்கு விடலாமல்லவா? கதைக்குத் தேவையோ இல்லையோ, கடைக்காரருக்குத் தேவை. 1894ஆம் ஆண்டில் அந்நூல்நிலையங்கள் தங்கள் நிபந்தனையை மாற்றியவுடன், இலக்கிய மரபென்று எல்லோரும் நம்பியிருந்த மூன்று பாக நாவல் சில ஆண்டுகளுக்குள் மறைந்தே போயிற்று. டிக்கன்ஸ் சொல்லுக்கு இவ்வளவென்று கூலி வாங்கினார் என வழங்கும் கதை சரியன்று; அவர் மாதப் பகுதிக்கு, முப்பத்திரண்டு பக்கத்துக்கு இவ்வளவென்று வாங்கினார். அந்தக் கட்டுக்குள்ளும் பெரிய எழுத்து பிறந்ததென்பதை மறுப்பது மூடத்தனம். இந்த உதாரணத்தைக் காட்டியே பலர் தங்கள் நீரை விற்கிறார்கள் என்பதும் மெய்.

நமது மலாயா நாட்டுச் சங்கதிக்கு வருவோம். 1950, 51ஆம் ஆண்டுகளில் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். பாடம் பத்திரிகையிலேயே வரும். தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் கதைகள் போகும். ஆசிரியர்கள் தரம் பிரித்துச் சொல்வார்கள். அங்கே பணம் கைமாறவில்லை. ஆனால் மெட்ரோலாக் இருந்தது. இக்கதையில் இவ்வளவு ரப்பர், இவ்வளவு தண்ணீர் என்று முகத்துக்கு நேரே சொல்ல இருவர் இருந்தார்கள். பிற்காலத்தில், 1970களில், அதே ‘தமிழ் நேசன்’ சிறந்த படைப்புக்குப் பவுன் பரிசு வழங்கும் திட்டத்தை நடத்தியது. பவுன் என்றால் வீட்டில் உள்ளவர்களுக்கும் அதன் மதிப்பு விளங்கும். எழுதுகிறேன் என்று இரவெல்லாம் விளக்கெரிப்பவனை அன்று மனைவியும் மாமியாரும் சற்று மரியாதையோடு பார்த்திருப்பார்கள் என்றே நாம் நம்புகிறோம். அங்கேயும் கூலிக்கு முன்னால் ஒரு தீர்ப்பு நின்றது. நல்லதென்று ஒருவர் சொன்ன பிறகே பவுன். 1924இல் தொடங்கிய அப்பத்திரிகை 2019இல் நின்றுவிட்டது.

இனி இணையம். தமிழைக் கணினியில் ஏற்றியவர்களில் முன்னணியில் நின்றவர் நமது நாட்டவரான முத்து நெடுமாறன். அவருடைய ‘முரசு அஞ்சல்’ மென்பொருளும், 2005இல் வந்த ‘செல்லினம்’ என்னும் கைப்பேசிச் செயலியும் இல்லாவிடில் உலகத் தமிழர் பலர் ஊமைகளாய் இருந்திருப்பர். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே கூடிற்று. அதாவது, எழுதுகோலை உலகுக்குக் கொடுத்ததில் நமக்கும் பங்குண்டு. எழுத்துக்குக் கூலியோ வெகு தாமதமாகவே வந்தது. கூகுள் நிறுவனம் தனது ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டத்தில் தமிழ்ப் பக்கங்களைச் சேர்த்துக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். அதிலும் கணக்கில் நூறு டாலர் சேரும்வரை ஒரு காசும் கைக்கு வராது. அங்கே அளவுகோலாய் அன்று நின்றவை வருகிறவர் தொகையும் அவர்கள் தொட்ட விளம்பரமும். கட்டுரையைப் படித்து முடித்தாரா, பாதியில் சலித்து ஓடினாரா என்று கேட்பார் இல்லை. ஆகவே தலைப்பு வளர்ந்தது, கட்டுரை தேய்ந்தது. ‘இதைப் படித்தால் அதிர்ந்து போவீர்கள்’ என்று முடியும் தலைப்புகளைப் பார்த்துப் பார்த்து நாம் அதிர்வதையே விட்டுவிட்டோம்.

அமேசான் கடை 2016 டிசம்பரில் தமிழ் மின்னூல்களுக்கு இடம் தந்தது. நூலை விற்றால் விலையில் நூற்றுக்கு 35 அல்லது 70 பங்கு எழுதியவருக்கு. இதில் நமக்கு ஆட்சேபம் இல்லை, சொல்லப்போனால் மகிழ்ச்சி. ஆனால் அதே கடையின் சந்தாத் திட்டத்தில், 2015 ஜூலை முதல், வாசகர் புரட்டிய பக்கத்தைக் கணக்கிட்டே கூலி தருகிறார்கள். பக்கத்துக்குக் கூலி என்றவுடன் என்ன நடந்திருக்கும் என்று எந்தத் தோட்டத்துக் கிராணியும் சொல்லிவிடுவான். புத்தகங்கள் ஊதிப் பெருத்தன. ஒரு புத்தகத்துக்கு 3,000 பக்கத்துக்கு மேல் கூலியில்லை என்று அடுத்த ஆண்டே வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. வரம்பு கட்டினார்களேயன்றி மிதவைக் கருவியைக் கொண்டுவரவில்லை.

தமிழில் இவ்வாறு வரும் குடும்ப நாவல்கள் சிலவற்றை, இவ்விமர்சனத்தின் பொருட்டே, நாம் பொறுமையோடு படித்தோம். எழுதியவர்களில் பலர் பெண்கள்; வீட்டு வேலை முடிந்த பிறகு எழுதுகிறவர்கள் என்று தெரிகிறது. மாமியார் வீட்டுச் சமையலறையில் ஒரு மருமகளின் மௌனத்தை இரண்டே வாக்கியத்தில் காட்டக்கூடிய கண் அவர்களுக்கு இருக்கிறது. அவ்விரண்டு வாக்கியத்துக்குப் பின்னால் கதாநாயகனின் மோட்டார் வண்டி பத்துப் பக்கத்துக்கு ஓடுகிறது. அந்தப் பத்துப் பக்கத்தை எழுதியது அப்பெண்மணியின் கையன்று, பக்கக் கணக்கின் கை என்றே நாம் கருதுகிறோம். அவரைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

நிற்க. இதற்கிடையில் கங்காணிகளும் புறப்பட்டுவிட்டார்கள். பழைய கங்காணி, வேலைக்கு வந்த ஆட்களை எண்ணித் தலைக்காசு வாங்கினான். புதிய கங்காணி, வீட்டிலிருந்தே எழுதிப் பணம் சம்பாதிப்பது எப்படி என்று ஒருநாள் வகுப்பு வைத்து, வருகிறவர் தலைக்கு இவ்வளவென்று வாங்குகிறான். அத்தகைய வகுப்பொன்றில் நாமும் கட்டணம் செலுத்தி உட்கார்ந்தோம். எழுதுவதைப் பற்றி அங்கே பேசப்பட்ட நேரம் மொத்தம் பத்து நிமிஷம் இருக்கும். அவன் சம்பாதித்த வழியை ஒளிக்காமல் சொல்லியிருந்தால், வகுப்பு வைத்து என்றே சொல்லியிருப்பான்!

2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி என்னும் செயற்கை அறிவுப் பொறி இக்கங்காணிகளின் தலையிலும் கை வைத்துவிட்டது. பனிக்கால வீட்டைப் பற்றி ஆயிரம் சொல் வேண்டுமென்றால் அது கண்மூடித் திறப்பதற்குள் தந்துவிடும். கூலியைப் பாக்கி வைத்தாலும் கேளாது. நீர் ஊற்றும் தொழிலில் மனிதன் இனிப் போட்டியிட முடியாது. மருமகளின் மௌனத்தை எழுதிய அவ்விரண்டு வாக்கியம் எஞ்சி நிற்கிறது. அதற்கு விலை கொடுப்பார் யார் என்பதே இன்றைய கேள்வி.

எழுத்தை நம்பி வாழ்ந்த புதுமைப்பித்தன் 1948இல், நாற்பத்திரண்டு வயதில், காசநோயால் மாண்டார். பத்திரிகை வேலை, மொழிபெயர்ப்பு, சினிமா என்று கிடைத்த கூலிக்கெல்லாம் அவர் எழுதினார். எழுதியதில் நீர் கலக்கவில்லை. அதைக் காட்டி, மேதைகள் பசியிலும் எழுதுவார்கள் என்று மேடைப் பெரியோர்கள் சமாதானம் சொல்ல வருவார்கள். ஒருவர் பசியோடு நன்றாக எழுதினார் என்பதற்காகப் பசியை நூலகத்தில் வைத்துப் பூசை செய்ய நாம் தயாராயில்லை.

1960இல், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, பால்வெட்டுவோரிடம் சிறுசிறு தொகையாய்ப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களையே வாங்கியது. தோட்டம் வாங்கிய ஜனங்களுக்கு ஒரு கதை வாங்க வழியில்லையா? கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் படிக்கும் ஐந்நூறு பேர் மாதம் ஐந்து வெள்ளி போட்டால் இரண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி சேரும். ஒரு கதைக்கு ஐந்நூறு வெள்ளியென மாதம் ஐந்து கதைகள் வாங்கலாம். நீளத்துக்காக அன்று, கதைக்காக. இதை நண்பர்களிடம் சொன்னபோது பணம் சேராதென்று ஒருவரும் சொல்லவில்லை. எந்தக் கதைக்குக் கொடுப்பது, எதைத் தள்ளுவது என்று சொல்லப் போகிறவர் யார், தள்ளப்பட்டவர் மறுநாள் முகம் பார்த்துப் பேசுவாரா என்றே எல்லோரும் கேட்டார்கள். கதை வகுப்பு ஆசிரியர்களுக்கும் இந்தத் தொல்லை இருந்திருக்கும். நமது தகப்பனாருக்கும் இருந்தது. மிதவைக் கருவியைப் பாலில் விடும்போது அவர் எவர் முகத்தையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.