அளவே தெரியாத ஒரு பாட்டு

பவர் பேலட் என்றாலே முகம் சுளிக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. பியானோவில் மெல்லத் தொடங்கும், நடுவில் டிரம்ஸ் வந்து இடிக்கும், கடைசியில் கிட்டாரும் அழுகையும். எல்லாம் ஒரே அச்சு என்பார்கள். நான் வாதாடுவதில்லை. பானி டைலரின் 'டோட்டல் எக்லிப்ஸ் ஆஃப் தி ஹார்ட்' பாட்டைப் போட்டுவிட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவேன். ஒருமுறை ஒருவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "இவ்வளவு தேவையாய்யா?" என்றார். தேவையில்லைதான். இலையில் இடமில்லை என்று கையை நீட்டி மறைத்தாலும் விடாமல் பாயசத்தை ஊற்றுகிற கல்யாணப் பந்தி இது. எனக்கு அந்தப் பந்திதான் வேண்டும்.

முதலில் அந்தக் குரல். வேல்ஸ் நாட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளாக 1951-இல் பிறந்தவர் பானி டைலர். இயற்பெயர் கெய்னர் ஹாப்கின்ஸ். 1976-இல் 'லாஸ்ட் இன் ஃபிரான்ஸ்' பாடி ஹிட் ஆன காலத்தில் அவருடைய குரல் ஓரளவு மற்றவர்கள் குரல் மாதிரிதான் இருந்தது. பிறகு குரல்நாண்களில் முண்டுகள் வந்து அறுவை சிகிச்சை ஆயிற்று. சில வாரங்கள் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருநாள் ஏதோ எரிச்சலில் கத்திவிட்டார் அம்மணி. குரல் கரகரத்தது கரகரத்ததுதான், பிறகு தெளியவே இல்லை. தொழில் முடிந்தது என்று பயந்தாராம். ஆனால் அந்தக் கரகரப்போடு பாடிய 'இட்ஸ் எ ஹார்ட்டேக்' அமெரிக்காவில் 3-ஆம் இடம்வரை போயிற்று. அந்த ஒரு கத்தலுக்கு நான் தனிப்பட்ட முறையில் நன்றி சொல்லக் கடமைப்பட்டவன்.

அடுத்தவர் ஜிம் ஸ்டைன்மேன். மீட் லோஃப் பாடிய 'பேட் அவுட் ஆஃப் ஹெல்' (1977) ஆல்பத்தின் பாட்டுகளை எழுதியவர். மோட்டார் சைக்கிள், இடி, மின்னல், வாக்னர் ஓபரா, பதின்வயதுக் காதல் எல்லாவற்றையும் ஒரே அடுப்பில் ஏற்றுகிற ஆள். மீட் லோஃப் பாடுவதை டிவியில் பார்த்த பானி, இந்த ஆள்தான் எனக்கு வேண்டும் என்று ரெக்கார்டு கம்பெனியில் போய் நின்றார். நடக்கிற காரியமா என்பது போல்தான் அங்கே பார்த்தார்கள். ஸ்டைன்மேனும் முதலில் மறுத்தார். அப்புறம் மனம் மாறி நியூயார்க்குக்கு வரச் சொன்னார்.

அங்கே நடந்ததை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும். ஸ்டைன்மேன் பியானோவில் உட்கார்ந்து வாசிக்க, ரோரி டாட் என்ற கனடா நாட்டுப் பாடகர் பாட, எதிரில் பானி கேட்டுக்கொண்டிருக்கிறார். பாட்டின் மெட்டு முழுக்கப் புதியதல்ல. 1980-இல் வந்த 'எ ஸ்மால் சர்க்கிள் ஆஃப் ஃபிரண்ட்ஸ்' என்ற படத்தின் பின்னணி இசையில் அதன் ஒரு பகுதியை ஸ்டைன்மேன் ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தார். அந்தப் படத்தை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? மெட்டு மட்டும் தனக்குரிய குரலுக்காகக் காத்திருந்திருக்கிறது.

வாசித்தவர்களைப் பாருங்கள். பியானோவுக்கு ராய் பிட்டன், டிரம்ஸுக்கு மேக்ஸ் வைன்பர்க். இருவரும் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் இ ஸ்ட்ரீட் பேண்டு ஆட்கள். கிட்டாருக்கு ரிக் டெரிஞ்சர். இப்படி ஒரு படையைத் திரட்டிவிட்டு, ஆரம்பத்தில் பியானோவைத் தவிர மற்றவர்களைச் சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள். அங்கேதான் நான் விழுந்தேன். முதல் சரணத்தில் பானி பாடுவதே இல்லை, கிட்டத்தட்டப் பேசுகிறார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தூரத்திலிருந்து ரோரி டாட் கூப்பிடுகிறார். ஆண் குரல் வழுவழுப்பு, பெண் குரல் கரகரப்பு. வழக்கத்துக்கு நேர் எதிர். சரணம் போகப் போகச் சுருதி நழுவி நழுவி இடம் மாறுகிறது. கால் எங்கே ஊன்றுகிறது என்று நமக்குத் தெரிவதற்குள் டிரம்ஸ் இறங்கிவிடும். மேக்ஸ் வைன்பர்க் அடிக்கிற அந்த முதல் அடியில், இத்தனை வருடமாகக் கேட்டும், எனக்கு முதுகுத்தண்டு நிமிர்கிறது. எங்கள் வீட்டில் இந்த இடம் வரும்போது சமையலறைக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

கரோக்கி மேடையில் இந்தப் பாட்டைத் தேர்ந்தெடுக்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். சரணத்தில் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். பல்லவி வரும்போது தெரியும் சேதி.

வீடியோவைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. எம்டிவி முதன்முதலில் ஒளிபரப்பிய 'வீடியோ கில்டு தி ரேடியோ ஸ்டார்' பாட்டுக்கு வீடியோ எடுத்த ரஸ்ஸல் மல்காஹிதான் இதற்கும் இயக்குநர். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், மூடப்பட்டுக் கிடந்த ஹாலோவே மனநல மருத்துவமனையில் எடுத்தார்கள். வெள்ளை உடையில் பானி தாழ்வாரங்களில் அலைகிறார். திரைச்சீலைகள் பறக்கின்றன, புறாக்கள் பறக்கின்றன, பள்ளிக்கூடப் பையன்களுக்குக் கண்ணில் வெளிச்சம் அடிக்கிறது, வாள் சண்டைக்காரர்கள் வருகிறார்கள், நிஞ்சாக்களும் வருகிறார்கள். ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டால் ரசிக்க முடியாது.

1983 மார்ச்சில் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' பாட்டை இறக்கிவிட்டு பிரிட்டனில் முதலிடம். அக்டோபரில் அமெரிக்காவில் முதலிடம், நான்கு வாரம். அப்போது அங்கே இரண்டாம் இடத்துக்கு வந்து நின்றது ஏர் சப்ளை பாடிய 'மேக்கிங் லவ் அவுட் ஆஃப் நத்திங் அட் ஆல்'. அதையும் எழுதியவர் ஸ்டைன்மேன்தான்! முதல் இரண்டு இடமும் ஒரே ஆளுக்கு. அளவு தெரியாத மனிதர் என்று ஏளனம் செய்தவர்கள் அந்த வாரங்களில் வானொலியைத் திருப்பவே பயந்திருப்பார்கள்.

இதைவிடச் சுவையான சங்கதி ஒன்று பல வருடம் கழித்து வெளியே வந்தது. ரத்தக்காட்டேரிகளின் காதல் பாட்டாகத்தான் இதை முதலில் எழுதினேன் என்று ஸ்டைன்மேனே சொன்னார். 'நாஸ்ஃபெராட்டு' கதையை இசைநாடகமாக்க முயன்றபோது பிறந்ததாம். அதைத் தெரிந்துகொண்டு மறுபடி கேட்டுப் பாருங்கள். அந்த இருட்டு, அந்தத் தாகம், தூரத்திலிருந்து கூப்பிடும் அந்தக் குரல், எல்லாம் தன் இடத்தில் போய் உட்காரும். 1997-இல் வியன்னாவில் அரங்கேறிய 'டான்ஸ் டெர் வாம்பயர்' இசைநாடகத்தில் இதே மெட்டை ஜெர்மன் மொழியில் காட்டேரிப் பிரபுவும் கதாநாயகியும் சேர்ந்து பாடுகிறார்கள். பாட்டு ஒருவழியாகப் பிறந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவில் முழு சூரிய கிரகணம். அன்றைக்குப் பானி டைலர் ஒரு சொகுசுக் கப்பலில் நின்று இந்தப் பாட்டைப் பாடினார். தரவிறக்கப் பட்டியலில் பாட்டு மறுபடி மேலே ஏறியது. முப்பத்துநாலு வருடப் பழைய பாட்டுக்குச் சூரியனும் சந்திரனும் சேர்ந்து விளம்பரம் செய்தது இசைச் சரித்திரத்தில் வேறெங்கும் நடந்திருக்குமா, தெரியவில்லை. ஸ்டைன்மேன் 2021 ஏப்ரலில் காலமானார். கிரகணத்துக்குக் கிரகணம் பாட்டு உயிர்த்தெழுவதைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

வானொலிக்காக வெட்டிய நாலரை நிமிடப் பதிப்புதான் பெரும்பாலும் காதில் விழுகிறது. அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். 'ஃபாஸ்டர் தேன் தி ஸ்பீடு ஆஃப் நைட்' ஆல்பத்தில் ஏறக்குறைய ஏழு நிமிட முழுப்பாட்டு இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து, ராத்திரியில், நல்ல ஹெட்போனில் கேளுங்கள். முதல் இரண்டு நிமிடம் மெதுவாகப் போகிறதே என்று தள்ளிவிடாமல் மட்டும் இருங்கள்.