படிநிலையும் வெட்டுப்புள்ளியும்: பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில் சமமற்ற வளர்ச்சி பற்றிய சில குறிப்புகள்

இலக்கியத் திறனாய்வாளர் விளையாட்டுக்களை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்வது அரிது. கூத்தும் நாட்டார் பாடலும்கூட ஒரு காலத்தில் அவ்வாறே புறக்கணிக்கப்பட்டன. எனினும், பலர் ஒன்றுகூடிக் கற்பனை உலகொன்றைப் படைத்து, அதில் ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதையை வளர்த்துச் செல்லும் விளையாட்டு, புனைகதையின் இயல்புகள் பலவற்றைக் கொண்டது. புனைகதையில் ஒரு பாத்திரம் ஏன் உயர்கிறது, ஏன் தாழ்கிறது என்பதை வாசகர் உய்த்துணர வேண்டும். இவ்விளையாட்டிலோ அது அட்டவணையாகவே அச்சிடப்பட்டுள்ளது. அவ்வட்டவணையைச் சமூகவியல் நோக்கில் வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வகையில் முதலில் அச்சேறியது, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகிய இருவரும் ஆக்கி 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ ஆகும். ஆடுவோர் போர்வீரன், மந்திரவாதி, மதகுரு என்னும் வகுப்புக்களுள் ஒன்றைத் தெரிவுசெய்வர். 1975இல் திருடனும் சேர்க்கப்பட்டான். சாகசங்களின் மூலம் பெறும் அனுபவப் புள்ளிகள் குறித்த எல்லையை எட்டும்போது பாத்திரம் அடுத்த படிக்கு உயரும். நமது பரமபதத்தில் எல்லாக் காய்களும் ஒரே ஏணிகளையும் ஒரே பாம்புகளையும் எதிர்கொள்கின்றன. வேறுபாடு கட்டை விழும் விதத்தால் மட்டுமே நேர்கிறது. இங்கோ வகுப்புக்கு வகுப்பு ஏணியே வேறு.

1978இல் வெளிவந்த ஆட்டக்காரர் கைந்நூலின்படி, இரண்டாம் படியை அடையத் திருடனுக்கு 1,251 புள்ளிகள் போதும். மதகுருவுக்கு 1,501, போர்வீரனுக்கு 2,001, மந்திரவாதிக்கு 2,501 புள்ளிகள் தேவை. தொடக்கத்தில் மந்திரவாதி மிக நலிந்தவன். நாளொன்றுக்கு ஒரு மந்திரம் மட்டுமே அவனால் இயலும். பின்னர் அவனது ஆற்றல் பெருகுமாதலால், முன்னர் மெதுவாக வளர்வதே சமநிலை என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். ஆனால் அட்டவணையைத் தொடர்ந்து வாசிப்போர் வேறொன்றைக் காண்பர். 60,001 புள்ளிகளில் மந்திரவாதி ஏழாம் படியை அடைந்துவிடுகிறான். அதே புள்ளிகளுடன் போர்வீரன் ஆறாம் படியிலேயே நிற்கிறான். 250,001 புள்ளிகளில் முன்னவன் பத்தாம் படி, பின்னவன் ஒன்பதாம் படி. தாமதம் என்று கூறப்பட்டது இடைவழியில் மறைந்துவிடுகிறது. ஆற்றலின் மேம்பாடு மட்டும் எஞ்சுகிறது. திருடனோ விரைவாகப் படியேறுகிறான். ஆயினும் அவன் ஏறும் ஒவ்வொரு படியும் மலிவானது.

உடலுழைப்புக்கும் மூளையுழைப்புக்கும் இடையே முதலாளித்துவ சமூகம் வகுத்துள்ள உறவு இங்கு கதைவடிவம் பெற்றுள்ளது. நீண்ட கல்வியின் இடரைச் சகித்தவனுக்குப் பின்னைய மேலாண்மை உரியது என்னும் வாதம், நமது சமூகத்தில் உயர்தொழில் புரிவோர் தம்மைக் குறித்துக் கூறிக்கொள்வதே. எது அனுபவம் எனக் கொள்ளப்பட்டது என்பதும் கவனத்திற்குரியது. மீட்டுவரும் பொற்காசொன்றுக்கு ஒரு புள்ளி என்பது அக்கால விதி. அனுபவத்தின் பெரும்பகுதி இவ்வாறு செல்வக் குவிப்பினாலேயே அளக்கப்பட்டது.

இதனினும் கடுமையானது பிறப்பின்வழி விதிக்கப்பட்ட உச்சவரம்பு. 1974ஆம் ஆண்டு விதிகளில், குள்ளர் இனத்தவன் போர்வீரனாக ஆறாம் படிக்கு மேல் செல்ல இயலாது. ஹாபிட் இனத்தவனுக்கு நான்காம் படியே எல்லை. மனிதனுக்கு எல்லையில்லை. மனிதரை மையமாகக் கொண்ட உலகை நிலைநிறுத்தவே இவ்வரம்பு என்ற விளக்கத்தைக் கைகாக்ஸ் 1979இல் வெளிவந்த நடத்துநர் கைந்நூலில் அளித்தார்.

விளையாட்டைச் சமூகத்தின் நேரடிப் பிரதிபலிப்பாகக் கொள்வது இயந்திரப் பாங்கான நோக்காகிவிடும். பல வகுப்பினர் கூடிப் பயணஞ்செய்யும்போது ஒருவர் முந்துவதும் மற்றவர் பிந்துவதும் ஆட்டத்துக்குச் சுவையூட்டுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆகவே சமமின்மை உண்டா என்பதன்று, எத்தகைய சமமின்மை என்பதே நமது வினா. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பதிப்பு இன உச்சவரம்புகளை நீக்கியது. எல்லா வகுப்பினருக்கும் ஒரே அட்டவணையை வகுத்தது. 1,000 புள்ளிகள் பெற்ற எவரும் இரண்டாம் படியினரே. உச்சவரம்பு நீங்கியது ஐயமின்றி முன்னேற்றமே. ஆயினும் மந்திரவாதியின் ஒரு படி தரும் ஆற்றலும் போர்வீரனின் ஒரு படி தரும் ஆற்றலும் சமமாகிவிடவில்லை. முன்னர் அட்டவணையில் தெரிந்த வேறுபாடு இப்போது படியின் உள்ளே மறைந்துகொண்டது. சமமற்றோரை ஒரே அளவுகோலால் அளப்பது சமமின்மையையே விளைவிக்கும் என்று 1875இல் கோதா வேலைத்திட்டம் பற்றிய விமர்சனத்தில் மார்க்ஸ் காட்டிய முரண்பாடு இதுவே.

இம்முரண்பாடு திருகோணமலையில் வாழ்வோருக்குப் புதியதன்று. 1970களின் முற்பகுதியில் இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரியாக வேறுபட்ட வெட்டுப்புள்ளிகள் நடைமுறைக்கு வந்தன. தமிழ்மொழி மூலம் பரீட்சைக்குத் தோற்றியவர், யாழ்ப்பாண நகரத்தில் கற்றாலும் மூதூரின் கொட்டில் பள்ளியில் கற்றாலும், கூடுதல் புள்ளி பெறவேண்டியவராயினர். தேவையையோ வசதியையோ நோக்காது பிறந்த மொழியை மட்டும் நோக்கிய இவ்வேற்பாடு, குள்ளர் இனத்தவனுக்கு விதிக்கப்பட்ட வரம்பின் தர்க்கத்தையே உடையது. அதற்கெதிராக எழுந்த மனக்குமுறல் நியாயமானது.

ஆனால் 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டை அதனோடு ஒன்றாக்கிப் பேசுவது நமது விமர்சனத்தில் நெடுங்காலம் நிலவும் குறைபாடாகும். அது யாழ்ப்பாண மாணவரைப் பாதித்தது. திருகோணமலை, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவருக்கோ வாயில் திறந்தது. இன்றும் மருத்துவம், பொறியியல் போன்ற பாடநெறிகளுக்கு 40 விழுக்காடு அகில இலங்கைத் தகுதியின்படியும் 55 விழுக்காடு மாவட்ட அடிப்படையிலும் 5 விழுக்காடு கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என வகுக்கப்பட்டுள்ளது. பின்தங்கியவற்றுள் திருகோணமலையும் ஒன்று. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றைக் கொண்ட மாவட்டம், 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்த மாவட்டம், கல்வியிற் பின்தங்கியதாயிருப்பது தற்செயலன்று. பேரரசுகள் துறைமுகத்தை வளர்த்தன. அதன் பின்னிலத்தை வளர்க்கவில்லை. சமமற்ற வளர்ச்சி என்னும் கோட்பாட்டுக்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

எனினும் மாவட்ட ஒதுக்கீட்டை முழுமையான நீதியெனக் கொள்ளவும் இயலாது. திருகோணமலை நகரின் பெரிய கல்லூரியில் கற்பவரும் ஈச்சிலம்பற்றில் கற்பவரும் ஒரே வெட்டுப்புள்ளியை எட்டவேண்டியிருக்கிறது. மாவட்டங்களுக்கிடையே ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் அதே அட்டவணை, மாவட்டத்தினுள் இருக்கும் ஏற்றத்தாழ்வை மூடிவிடுகிறது. ஒரு மாவட்டத்தின் பெயரால் பெறும் சலுகை, அம்மாவட்டத்தின் வசதிபடைத்தோரையே முதலில் சென்றடையும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே எந்த அட்டவணையை எதிர்கொள்ளும்போதும் மூன்று வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும். அதனை வகுப்பவர் யார்? எது அனுபவம், எது தகுதி எனக் கணக்கிடப்படுகிறது? ஏறிய படி ஏறியவருக்கு உண்மையில் எதனைத் தருகிறது? தொடக்கத்தின் சமமின்மையை ஈடுசெய்து, காலப்போக்கில் தன்னையே தேவையற்றதாக்கிக்கொள்ளும் வேறுபாடு முற்போக்கானது. பிறப்பை நிலையான வரம்பாக்கும் வேறுபாடு பிற்போக்கானது. வேறுபாடே இல்லையெனத் தோற்றங்காட்டும் ஒற்றை அட்டவணை, இவ்விரண்டையும் பிரித்தறியும் நமது ஆற்றலை மழுங்கச் செய்கிறது.

இவ்விளையாட்டின் பெறுமதி இங்குதான் உள்ளது. மேசையைச் சுற்றியிருப்போர் விதியை வாசிக்கின்றனர், அதனோடு வாதிடுகின்றனர், உடன்பாடு கண்டால் மாற்றியும் ஆடுகின்றனர். இனவாரியான உச்சவரம்பை ஆடுவோர் பலர் தம் மேசைகளில் கைவிட்டபின்னரே பதிப்பாளரும் அதனைக் கைவிட்டனர். வெட்டுப்புள்ளிகளைத் தலைவிதியாகவன்றி மனிதர் எழுதிய விதியாகக் காணும் பயிற்சியை நமது மாணவர் எங்கு பெற்றாலும், அது வரவேற்கத்தக்கதே.