காத்திருப்பவனின் முகம்

கேரமில் ஒரு கொடுமை உண்டு. எதிராளி காய் போட்டுக்கொண்டே இருந்தால் நாம் எதுவும் செய்ய முடியாது. கபடியில் பாடி வருபவனின் காலைப் பிடிக்கலாம், குத்துச்சண்டையில் கையைத் தூக்கி முகத்தை மறைக்கலாம். கேரமில் அதெல்லாம் கிடையாது. நாற்காலியை நகர்த்தக்கூடாது, பேசக்கூடாது, சும்மா உட்கார்ந்திருக்கணும். முதலில் அடிப்பவர் ஒரே மூச்சில் ஒன்பது வெள்ளையையும் சிகப்பையும் போட்டு முடித்துவிட்டால் அதற்கு ஒயிட் ஸ்லாம் என்று பெயர். எதிரே இருப்பவர் ஸ்ட்ரைக்கரைத் தொடாமலேயே அந்த போர்டைத் தோற்றிருப்பார்.

கோடம்பாக்கம் இதுவரை கேரமைச் சரியாகப் படம் பிடிக்காததற்கு இந்தக் காத்திருப்புதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம்ம ஹீரோ சும்மா உட்காரமாட்டார்.

'வெண்ணிலா கபடி குழு' (2009) வந்த பிறகு இங்கே விளையாட்டுப் படத்துக்கு ஒரு அச்சு உருவாகிவிட்டது. மைதானம், கூட்டம், கடைசி நிமிடம், ஸ்லோ மோஷன், வெளியே நின்று கத்தும் கோச். 'இறுதிச் சுற்று', 'கனா', 'பிகில்' எல்லாமே தரத்தில் மேலே கீழே இருந்தாலும் இந்த அச்சில் வார்த்தவைதான். 'சார்பட்டா பரம்பரை'யிலும் 'லப்பர் பந்து'விலும் மட்டும் வேறொன்று நடந்தது. 'லப்பர் பந்து'வில் ஒரு பேட்ஸ்மேனுக்கு எந்தப் பந்து வராது என்று ஒருத்தன் வாய்விட்டுச் சொல்கிறான், பகை அங்கிருந்து கிளம்புகிறது. ஆட்ட நுணுக்கமே கதையின் முடிச்சு. அதை எடுத்துவிட்டால் படம் நிற்காது.

இந்த அளவுகோலோடு 'வடசென்னை'க்கு (2018) வருவோம். அதில் தனுஷின் அன்பு ஒரு கேரம் ஆட்டக்காரன். ('லப்பர் பந்து' நாயகனும் அன்புதான். தமிழ் சினிமாவில் விளையாட்டுக்காரனுக்குப் பெயர்ப் பஞ்சம்.) சிறைக்குள் செந்திலின் நம்பிக்கையை அன்பு பெறுவதில் கேரமுக்குப் பங்கு உண்டு. அங்கே கேரம் போட்டியும் நடக்கிறது, அந்தப் போட்டியை வைத்துத்தான் செந்தில் தாக்கப்படுகிறான். வெற்றிமாறன் அந்தப் பகுதியைக் கட்டியிருக்கும் விதத்தில் எனக்குப் புகார் எதுவும் இல்லை, இன்றைக்குப் பார்த்தாலும் உள்ளங்கை வேர்க்கிறது. ஆனால் வேர்ப்பது கத்திக்காக. போர்டில் யாருக்கு எத்தனை காய் பாக்கி, சிகப்பு யார் கையில் என்பது நமக்கு நினைவில் நிற்பதில்லை. அந்த இடத்தில் செஸ் போர்டை வைத்தாலும் திட்டம் கிட்டத்தட்ட அப்படியே நடக்கும். படத்துக்குக் கேரம் தேவைப்பட்டது வடசென்னையின் அடையாளமாக. ஆட்டமாகத் தேவைப்படவில்லை.

படம்தான் இப்படி என்றால் செய்திகளும் இதையே வேறு விதமாகச் செய்கின்றன. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னையின் காசிமா மூன்று தங்கம் வென்றார். அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு கொடுத்தது, நல்ல விஷயம். ஆனால் நான் படித்த செய்திகள் பெரும்பாலும் 'ஆட்டோ ஓட்டுநரின் மகள்' என்று ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிட்டன. ஃபைனலில் என்ன ஸ்கோர், எந்த போர்டில் ஆட்டம் திரும்பியது, அவருடைய பலம் கட் ஷாட்டா டபுளா, ஒன்றும் இல்லை. 2008இல் வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன் ஆனபோதும் இதே கதைதான். வறுமை உண்மை, அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் ஒரு சாம்பியனைப் பற்றி வறுமையை மட்டுமே எழுதினால், அவர் எதில் சாம்பியன் என்பதே காணாமல் போகிறது. 1991லும் 1995லும் உலக சாம்பியனாகி அர்ஜுனா விருதும் வாங்கிய மரிய இருதயம் நம்ம சென்னைக்காரர். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988இல் தொடங்கப்பட்டதும் இதே சென்னையில்தான். இவ்வளவு இருந்தும் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச நம்மிடம் ஒரு மொழி உருவாகவில்லை.

விரல் அசைவதைத் தவிர கேரமில் பார்க்க என்ன இருக்கு என்று கேட்பவர்களுக்கு நான் டார்ட்ஸைக் காட்டுவேன். அதிலும் பார்க்க ஒன்றும் கிடையாது. ஒருத்தர் ஏழே முக்கால் அடி தள்ளி நின்று சுவரில் மாட்டிய பலகைமேல் சின்ன அம்பை எறிகிறார், அவ்வளவுதான். ஆனால் 2024 ஜனவரியில் பதினாறு வயது லூக் லிட்லர் உலக சாம்பியன்ஷிப் ஃபைனலில் தோற்றதை பிரிட்டனில் ஒரு கட்டண சேனலில் மட்டும் உச்சத்தில் சுமார் 37 லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த வருஷம் அவர் ஜெயித்தார்.

இதை எப்படிச் சாதித்தார்கள்? திரையை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் எறிபவரின் முகம், இன்னொரு பக்கம் பலகை. அதைவிட முக்கியமானது கணக்கு. 501இலிருந்து கழித்துக்கொண்டே வந்து சரியாகப் பூஜ்யத்தில் முடிக்கணும், கடைசி அம்பு இரட்டிப்பு வளையத்தில் விழணும். மிச்சம் 170 என்றால் மூன்று அம்பில் முடிக்க ஒரே வழிதான்: இரண்டு ட்ரிபிள் இருபது, பிறகு நடுப்புள்ளி. இந்தக் கணக்கு எந்நேரமும் திரையில் ஓடுவதால், ஆட்டமே தெரியாதவருக்கும் அடுத்த அம்பு எங்கே விழணும் என்று தெரிந்துவிடுகிறது. தெரிந்தபின் அது விழுமா என்று பதறாமல் இருக்க முடியாது.

கேரமின் கணக்கு இதைவிடச் சுவையானது. எங்கள் ஆபீஸ் ரிக்ரியேஷன் ரூமில் ஆடுகிற மாதிரி கறுப்புக்குப் பத்து, வெள்ளைக்கு இருபது என்கிற கணக்கைச் சொல்லவில்லை. போட்டி விதிப்படி போர்டை ஜெயித்தவருக்கு, எதிராளியின் மிச்சக் காய்கள் ஒன்றுக்கு ஒரு பாயிண்ட். சிகப்பையும் அவரே எடுத்திருந்தால் கூட மூன்று. இருபத்தைந்து பாயிண்ட் அல்லது எட்டு போர்டு, எது முதலில் வருகிறதோ அதோடு ஆட்டம் முடிந்தது. இதில் ஒரு குறும்பான விதி: இருபத்திரண்டைத் தொட்டவருக்குச் சிகப்பால் பாயிண்ட் கிடையாது.

இப்போது எதிர்காலத்தில் ஒரு உலகக் கோப்பையைக் கற்பனை செய்யலாம். இடம் நேரு உள்விளையாட்டு அரங்கம் என்று வைத்துக்கொள்வோம், கோடம்பாக்கத்திலிருந்து யூனிட் வண்டி போகிற தூரம்தான். ஃபைனலின் கடைசி கேம், எட்டாவது போர்டு. நம்ம நாயகி 22, எதிராளி 19. எதிராளி சிகப்பை எடுத்து போர்டையும் ஜெயித்தால், நாயகியின் காய் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தால்கூட 23 ஆகி கோப்பை கைமாறிவிடும். சிகப்பு கிடைக்காவிட்டால் அவள் நாலு காய் மிச்சம் வைத்து ஜெயிக்கணும், அது ரொம்பக் கஷ்டம். ஆகவே தனக்கு ஒரு பாயிண்ட்கூடத் தராத சிகப்புக்காக நாயகி தன் முறையைப் பணயம் வைக்கணும். சிகப்பைப் போட்டால் மட்டும் போதாது, தொடர்ந்து தன் காய் ஒன்றை ஃபாலோ போடணும். தவறினால் சிகப்பு திரும்ப நடுவுக்கு வந்துவிடும், முறையும் எதிராளிக்குப் போய்விடும்.

ஃபாலோ தவறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி நாயகி எதுவும் செய்வதற்கில்லை, எதிராளி அடிக்க ஆரம்பிக்கிறாள். வழக்கமான இயக்குநர் இங்கே அப்பா ஆட்டோ ஓட்டும் ஃப்ளாஷ்பேக்குக்கு ஓடிவிடுவார். அவர் ஓடாமல் இருக்கணும். திரையின் ஒரு பாதியில் மேலிருந்து போர்டு, மறுபாதியில் எழுபத்து நாலு சென்டிமீட்டர் பலகைக்கு இந்தப்பக்கம் காத்திருக்கும் அவள் முகம். பின்னணி இசையை நிறுத்திவிட்டு, பவுடர் மேல் ஸ்ட்ரைக்கர் வழுக்கும் சத்தமும் காய் வலைக்குள் விழும் சத்தமும் மட்டும் கேட்கட்டும். ஒரு காய். இன்னொரு காய். ஓரத்தில் 22–19 என்று எண் மாறாமல் நிற்கட்டும்.