சுவரில் காவல் நிற்கும் சிப்பாய்

பெல்ஃபாஸ்ட் நகரில் புராட்டஸ்டன்ட் தொழிலாளர் குடியிருப்புகளின் முனைச்சுவர்களில் முதல் உலகப்போர்ச் சிப்பாய்கள் தலைகுனிந்து நிற்கிறார்கள். காலடியில் சிவப்பு பாப்பிப் பூக்கள். பக்கத்தில் ஒரு தேதி: 1916 ஜூலை 1. செத்தவங்களை நினைக்கிறதில் என்ன அரசியல் இருக்கு என்று கேட்கலாம். ஆனால் சுவரைப் பிரதியாக வாசிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: செத்த பிறகும் இந்தச் சிப்பாய் யாருக்காகக் காவல் நிற்கிறான்?

அது சொம் போரின் முதல் நாள். 36ஆவது அல்ஸ்டர் டிவிஷனில் இரண்டே நாட்களில் செத்தும் காயம்பட்டும் காணாமலும் போனவர்கள் ஏறத்தாழ 5,500 பேர். துயரம் பொய்யல்ல. ஆனால் சுவருக்கு வரும்போது அது சலித்தெடுக்கப்படுகிறது. அந்த டிவிஷனின் முதுகெலும்பு, 1913இல் உருவான அல்ஸ்டர் தொண்டர் படை. அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் லண்டன் அரசின் சட்டத்தைத் துப்பாக்கியால் எதிர்க்கத் திரண்டவர்கள், 1914இல் அதே அரசின் சீருடைக்குள் போனார்கள். இந்த முரண் சுவரில் இல்லை. கலப்பற்ற விசுவாசம் மட்டுமே இருக்கிறது. பழைய நாட்காட்டிப்படி 1690இன் பாய்ன் போரும் ஜூலை 1தான். மன்னர் வில்லியத்தின் வெற்றியும் சிப்பாயின் சாவும் ஒரே நாளில் வந்து உட்கார, வரலாறு சடங்காகிவிடுகிறது.

1966இல் அதே பெயரைச் சூடிக்கொண்டு ஒரு ஆயுதக்குழு வந்தது. அது கொன்றவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் கத்தோலிக்கக் குடிமக்கள். பல சுவர்களில் இந்தக் குழுவின் ஆட்களும் சொம் சிப்பாயும் ஒரே சின்னத்தின் கீழ் அருகருகே நிற்கிறார்கள். பெயர் ஒன்று, சின்னம் ஒன்று. ஆகவே தியாகமும் ஒன்று என்பதே இந்தச் சொல்லாடலின் தருக்கம். தாத்தாவின் சாவு பேரனின் கொலைக்குச் சான்றிதழாகிறது.

எதிர்ப்பக்கம் மட்டும் சுத்தமா? ஃபால்ஸ் பகுதியின் கத்தோலிக்கர்களும் நூற்றுக்கணக்கில் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து 16ஆவது டிவிஷனில் போரிட்டார்கள். அவர்கள் திரும்பியபோது, அதே 1916இல் டப்ளினில் கிளர்ந்தவர்கள்தான் நாயகர்கள். சிப்பாய்களுக்கு நீண்டகாலம் சுவர் இல்லை. பதக்கங்கள் பெட்டிக்குள் போயின. 1981இல் உண்ணாவிரதமிருந்து இறந்த பாபி சாண்ட்ஸின் முகம் இருப்பது செவஸ்டோபோல் தெரு முனையில். தெருவின் பெயர் பிரிட்டனின் கிரிமியப் போரைச் சொல்கிறது. சுவரோ பிரிட்டனை மறுக்கிறது.

1917 ஜூனில் பெல்ஜியத்தின் மெஸீன் போரில் 36ஆவது, 16ஆவது டிவிஷன்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று போரிட்டன, வென்றன. ஆனால் ஷாங்கில் சுவர்களில் சொம் பிடித்த இடத்தை மெஸீன் பிடிக்கவில்லை. 'நாம்' என்பதற்கு ஒரு 'அவர்கள்' தேவை. மெஸீனில் அந்த 'அவர்கள்' நம்மோடு நிற்கிறார்கள். அதனால் அது அடையாளத்துக்கு உதவாது.

வட அயர்லாந்துக் கலை மன்றத்தின் 2006ஆம் ஆண்டுத் திட்டம், முகமூடிக்காரர்களின் ஓவியங்களை மாற்ற நிதி தந்தது. நல்ல காரியம்தான். ஆனால் முகமூடியை அழித்துவிட்டு 1916இன் சிப்பாயை வரைந்தால் என்ன மாறுகிறது? ஆளை எடுத்தாச்சு, எல்லைக்கோடு அப்படியே இருக்கு. இன்னொரு தெருக்காரர் தன் வீட்டுச் சிப்பாயின் பெயரை இந்தச் சுவரில் தேட முடியுமா? முடியாது என்றால், அது நினைவுச்சின்னமல்ல, வேலி.